எழுபத்தொரு நிமிடம்

பதினொரு விநாடி.
நின்றுபோன ஓர் இதயத்துக்குப் படத்தில் நான் ஒதுக்கியது அவ்வளவுதான்.
அதற்கு மேல் நீண்டால்
பார்க்கிறவர் சேனலை மாற்றிவிடுவார் என்றார்கள்.
அந்தப் பதினொன்றுக்கும் அடியில்
ஒரு வயலினை ஓடவிட்டேன்,
மெல்லிய சட்டைக்கு உள்துணி வைத்துத் தைப்பதுபோல.

உடம்பைப் பற்றி ஆறு பகுதிகள்.
ஒரு செவ்வாய் கல்லீரல், ஒரு செவ்வாய் தோல்.
மூன்றாம் செவ்வாய் இதயம்.
போர்த்தோவில் அன்றிரவு நல்ல மழை,
அதனால் நிறையப் பேர் பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம்.
கோடு போட்ட தாள், அழுத்தமான கையெழுத்து:

"அம்மணி, அந்த இதயம் என்னுடையது.
முகம் காட்டவில்லை, நன்றி.
மதுக்கடையில் மீன் ஏலக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.
'நம்ம ஊர்க் குடல்கறி மாதிரியே இருக்கே' என்றான் ஒருவன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
டாக்டர் எழுபத்தொரு நிமிடம் என்றார்.
நீங்கள் காட்டியதை எண்ணிப் பார்த்தேன்.
மீதி எங்கே?
– ஒராசியு கின்டேலா, மத்தோசின்யுஷ்."

மீதி என் மேசை இழுப்பறையில் இருந்தது.
வெள்ளிக்கிழமை அழித்துவிட வேண்டும், ஒப்பந்தம்.

வியாழன் மாலை வந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய உப்புக்கருவாடு
தொகுப்பறை முழுக்க மணத்தது.
கோட்டைக் கழற்றவில்லை.
"வெட்டாமல் போடுங்கள்" என்றார்.

போட்டேன்.

இதயத்தில் குளிர்ந்த திரவம் இறங்குகிறது.
துடிப்பு தளர்கிறது, தயங்குகிறது,
ஏதோ சொல்ல வந்து மறந்தவனைப்போல நிற்கிறது.
பிறகு
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்பது எவ்வளவு நெரிசலாக இருக்கிறது!
யாரோ ஊசிநூல் கேட்கிறார்கள்.
மருத்துவர் பெனெதீத்தா தன் மகளின் பள்ளிக் காலணி
மூன்றே மாதத்தில் கடிக்கிறது என்கிறார்.
பழைய வால்வு ஒரு கிண்ணத்தில் விழுகிறது,
கடலைத்தோல் அளவு.

முப்பதாவது நிமிடத்தில் கின்டேலா கை நீட்டினார்.
"யார் அது?"

சட்டகத்தின் இடது ஓரம். பாதி முதுகு.
சுழலும் குழாய்களுக்கு முன்னால் முக்காலியில் ஓர் ஆள்.
கருஞ்சிவப்பாகப் போகிற இரத்தம்
அவரைத் தாண்டும்போது இளஞ்சிவப்பாகிறது.
ஒருமுறை கொட்டாவி விட்டார்.
குமிழியிலிருந்து கை நகரவில்லை.

"இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர்" என்றேன்.
"பெயர்?"
எனக்குத் தெரியவில்லை.
ஆறு மாதம் தினமும் அவரை வெட்டியெறிந்திருக்கிறேன்,
பெயர் தெரியவில்லை.

அதன்பின் அவர் இதயத்தைப் பார்க்கவேயில்லை.
அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நான் அங்கே இல்லாதபோது
எனக்குப் பதில் நான் இவர்தான்" என்றார்,
நகைச்சுவையாகவும் இல்லை, பெரிதாகவும் இல்லை,
பெட்டியை எண்ணி எழுதுகிற குரலில்.

திரையில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.
"இந்நேரம் என் மனைவி
கார் நிறுத்துமிடக் கருவியின் முன்னால்
சில்லறை இல்லாமல் நின்றாளாம்" என்றார்.
"முன்பின் தெரியாத ஒருவன் இரண்டு யூரோ கொடுத்தானாம்."

இதயம் ஒருமுறை துள்ளியது.
இன்னொருமுறை.
அறையில் யாரும் கைதட்டவில்லை,
காலணிப் பேச்சு மட்டும் நின்றது.
இடது ஓரத்தில் அந்த ஆள்
முதல்தடவையாகக் காலை நீட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அழித்துவிட்டேன்.
மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.
செலெஷ்தீனு வரேலா, இருபத்தாறு வருடச் சேவை,
படம் பார்க்கவில்லை, அன்று இரவுப்பணி.

மறுஒளிபரப்பில் இரண்டே மாற்றங்கள்.
முடிவில் ஓடும் பெயர்களில் ஒன்று கூடியது.
வயலினை எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் இப்போது ஓர் இரைச்சல்,
பக்கத்து வீட்டுத் துணிதுவைக்கும் இயந்திரம் போல.
ஒலியில் கோளாறு என்று
நான்கு பேர் புகார் எழுதியிருக்கிறார்கள்.